கேஸ் கட்டோடு வார்டுக்கு வாருங்கள்

பொதுநல வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் உங்களில் சிலராவது கவுன்சிலராக நிற்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வார்டில், உங்கள் தெருக்காரர்களிடம் ஓட்டுக் கேட்டு நிற்க வேண்டும். 2022 பிப்ரவரியில் நாம் தேர்ந்தெடுத்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. கட்சிகள் ஆள் பார்க்கத் தொடங்கும் முன்பே நீங்கள் முடிவெடுத்தால்தான் வேலை நடக்கும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. தென்சென்னைப் புறநகரில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றில் பல வருடங்களாக இருப்பவள். எங்கள் பகுதி ஏரியில் சாக்கடை கலப்பதற்கு எதிராக உங்களைப் போன்ற ஓர் இளம் வழக்கறிஞர் கட்டணமே வாங்காமல் ரிட் மனு போட்டார். புகைப்படங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள், பழைய வருவாய்த்துறை வரைபடம் என்று எல்லாவற்றையும் நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம். நல்ல உத்தரவு கிடைத்தது. கழிவுநீர் இணைப்புகளைக் கண்டறிந்து அடைக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். கெடு போய்விட்டது. அவகாசம் கேட்டார்கள், கிடைத்தது. அப்புறம் நிலை அறிக்கை, மறுபடி அவகாசம். ஏரிக்குள் இன்றைக்கும் சாக்கடை போகிறது. நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம் என்று அவர் சொன்னார். போட்டோம். அதிகாரி மாறிப்போய், புதிதாக வந்தவர் புதிதாக அவகாசம் கேட்டார்.

இதை உங்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை. அந்த உத்தரவு இல்லையென்றால் ஏரிக்கரையில் இன்னும் நான்கு கட்டடம் வந்திருக்கும். ஆனால் உத்தரவு வந்த மறுநாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போய், உதவிப் பொறியாளரை உட்கார வைத்து, எந்தத் தெருவில் எந்த இணைப்பு, யார் அடைப்பது, எந்தத் தேதிக்குள் என்று கேட்கும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. அது கவுன்சிலருக்கு இருக்கிறது. எங்கள் கவுன்சிலருக்கு அந்த உத்தரவைப் படிக்க நேரம் இல்லை. படித்தாலும் அதில் தன் பங்கு என்ன என்று எடுத்துச் சொல்ல அவருக்கு அருகில் ஆளும் இல்லை.

நீங்கள் சட்டக் கல்லூரியில் படித்த ரத்லம் நகராட்சி வழக்கையே எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிறு நகரம். அதில் ஒரு வார்டில் திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, ஏழைகளுக்குக் கழிப்பிடம் இல்லாததால் தெருவோரமே கழிப்பிடம். அந்த வார்டுக்காரர்கள் பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சியோ மேல்முறையீடு மேல் மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் வரை போனது. பணம் இல்லை என்பதுதான் அதன் வாதம். 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்ற சாக்கை வைத்து நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பு எழுதினார். அந்தத் தீர்ப்பை நீங்கள் எத்தனையோ மனுக்களில் மேற்கோள் காட்டியிருப்பீர்கள். எனக்கு அதில் மனதைத் தைப்பது வேறு ஒன்று. ஒரு சாக்கடையை மூட வார்டுக்காரர்கள் டெல்லி வரை போக வேண்டியிருந்தது. அந்த நகராட்சி மன்றத்துக்குள் அவர்களுக்காக எழுந்து நின்று பேச சட்டம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் அத்தனை வருடம் ஆகியிருக்குமா? கிருஷ்ணய்யரே தலசேரியில் வக்கீலாக இருந்து, 1952இல் மக்களிடம் ஓட்டுக் கேட்டுச் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தவர், பிறகு கேரளத்தில் அமைச்சராகவும் இருந்தவர். அந்தத் தீர்ப்பில் இருக்கும் தெருவின் வாடை சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊருக்கு வருவோம். பேனர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் எத்தனை வழக்குகள்! டிராபிக் ராமசாமி அய்யா அதற்காகவே கோர்ட்டுக்கும் தெருவுக்கும் நடந்து நடந்து தேய்ந்தார். 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுக்கப் பேனர் வைக்கத் தடை போட்டது. ஒன்பது மாதம் கழித்து, 2019 செப்டம்பர் 12 அன்று, பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து விழுந்து, இருசக்கர வாகனத்தில் போன 23 வயது பெண் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். அது ஒரு முன்னாள் கவுன்சிலர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர். உத்தரவு இருந்தது. அதைத் தெருவில் செயல்படுத்த யாரும் இல்லை. உத்தரவு என்ன சொல்கிறது என்று தெரிந்த ஒரு கவுன்சிலர் அந்த வட்டாரத்தில் இருந்து, அந்தப் பேனரை ஏற்றும்போதே மண்டல அலுவலகத்துக்கு போன் போட்டிருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அன்றைக்குச் சென்னையில் கவுன்சிலரே கிடையாது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு. 2022 மார்ச் வரை தனி அலுவலர் ஆட்சிதான். வர்தா புயல், 2019இல் குடம் தூக்கி அலைந்த தண்ணீர்ப் பஞ்சம், கொரோனாவின் இரண்டு அலைகள், 2021 நவம்பர் வெள்ளம், எல்லாமே இந்த இடைவெளியில் நடந்தவை. வார்டில் போய்க் கேட்க ஆள் இல்லாததால் மக்கள் உங்களிடம் வந்தார்கள். மன்றத்தில் எழுப்ப வேண்டிய கேள்விகளெல்லாம் மனுவாக மாறின. அந்த ஐந்தரை வருடத்தில் நீங்கள் செய்த வேலைக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது, அதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் மன்றம் திரும்பி வந்த பிறகும் போகவில்லை. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குள் முடிகிற விஷயத்துக்கும் நாம் ஐகோர்ட் படிதான் ஏறுகிறோம்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உங்களில் பலர் அவர்களோடு இருந்தீர்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தியபோது வழக்கறிஞர்களையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. சட்டம் தெரிந்தவர்கள் வாசலுக்கு வெளியே நடைபாதையில் இருக்கிறார்கள், முடிவெடுக்கும் மேசை உள்ளே இருக்கிறது. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் மன்றத்தில் எழுந்து கேட்க நான்கு பேர் இருந்திருந்தால், அது நடைபாதைக்கு வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

வழக்கறிஞர்கள் நகராட்சிக்குப் போவது புதிதும் இல்லை. சேலத்தில் வக்கீலாகப் பெயர் வாங்கிய ராஜாஜி 1917 முதல் 1919 வரை அந்த நகராட்சியின் தலைவர். வல்லபாய் படேல் 1917இல் அகமதாபாத் நகராட்சிக்குத் தேர்வாகி, சுகாதாரக் குழுவை எடுத்துக்கொண்டு, ஊரில் பிளேக் பரவியபோது அங்கேயே நின்று சாக்கடையைப் பார்த்தார். 1924 முதல் 1928 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்தார். நம் சிங்காரவேலரை இன்னும் அதிகமாகச் சொல்ல வேண்டும். மீனவக் குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞராகி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது அந்தத் தொழிலையே விட்டவர். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர். அதே மனிதர் 1925இல் மாநகராட்சி உறுப்பினராகப் போனார். உலகப் புரட்சியைப் பற்றிப் பேசியவருக்கு வார்டுத் தண்ணீர்க் குழாய் சின்ன விஷயமாகப் படவில்லை. இன்றைக்கு நம் நல்ல வழக்கறிஞர்களுக்கு அது எப்படியோ சின்ன விஷயமாகிவிட்டது. கவுன்சிலர் என்றால் கமிஷன், கவுன்சிலர் என்றால் கட்டப்பஞ்சாயத்து என்று நாமே பேசிப் பேசி அந்த நாற்காலியை நல்லவர்கள் தொடக் கூசும் இடமாக்கிவிட்டோம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நான் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் என்ற நகரம். பெரும்பாலும் கறுப்பின மக்கள், பாழடைந்த தண்ணீர்க் குழாய்கள், வரி கட்ட வசதியுள்ளவர்கள் புறநகருக்கு ஓடிப்போன ஊர். அங்கே சோக்வே லுமும்பா என்ற மனித உரிமை வழக்கறிஞர் இருந்தார். பதினோரு டாலர் கொள்ளை என்று சொல்லப்பட்ட வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்ற ஸ்காட் சகோதரிகளின் விடுதலைக்காக வாதாடியவர். தன் வார்டு மக்களைக் கூட்டி மக்கள் சபை நடத்தி, அதன் பலத்தில் 2009இல் நகர மன்ற உறுப்பினரானார், 2013இல் மேயரானார். வாழ்நாள் முழுக்க அரசை எதிர்த்து வாதாடிய அந்த மனிதர் மேயரானதும் செய்த முதல் பெரிய காரியம், குழாயும் சாலையும் சீராக்க ஒரு சதவீதம் கூடுதல் விற்பனை வரி கட்டுங்கள் என்று ஏழை மக்களிடமே போய்க் கேட்டதுதான். 2014 ஜனவரியில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பத்தில் ஒன்பது பேர் சரி என்றார்கள். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார், அது வேறு சோகம். ஆனால் யோசித்துப் பாருங்கள், எந்த நீதிமன்ற உத்தரவாவது மக்களை அப்படிச் சம்மதிக்க வைக்குமா? அவர் தங்கள் தெருவில் நடந்தவர், தங்கள் பிள்ளைகளுக்காக வாதாடியவர் என்பதால்தான் அந்தச் சம்மதம் கிடைத்தது.

இதற்குள்ளேயே நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். பொதுநல வழக்கில் 'பொது' என்று யாரைச் சொல்கிறோம்? நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று ஒரு நல்ல மனு போகிறது. நல்ல உத்தரவு வருகிறது. ஆற்றங்கரையில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பத்தின் வீட்டை முதலில் இடிக்கிறார்கள். அவர்களை ஊருக்கு வெளியே மறுகுடியமர்த்தும் இடங்களான கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்புகிறார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு வேலை போகிறது, பிள்ளைக்குப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பள்ளி மாறுகிறது. அதே நீர்நிலையின் மறுகரையில் இருக்கும் பெரிய கட்டடம் தடையாணை வாங்கிவிடுகிறது, ஏனென்றால் அவர்களுக்கும் வழக்கறிஞர் இருக்கிறார். நடைபாதையில் குடியிருப்பவர்களுக்கும் வாழ்வுரிமை உண்டு, பிழைப்பு என்பது வாழ்வின் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொன்னது. சொல்லிவிட்டு, உரிய அறிவிப்போடு அவர்களை அகற்றலாம் என்றும் சொன்னது. உங்களில் பலர் அந்தக் குடும்பங்களுக்காகவும் வாதாடுகிறீர்கள் என்பது தெரியும். ஆனால் மனு போடுகிறவர் அந்தக் கரையில் போய் வீடு வீடாக நின்று கேட்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஓட்டுக் கேட்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இருக்கிறது. கரை வீட்டு அம்மாவும் அடுக்குமாடி சங்கத் தலைவரும் ஒரே பட்டியலில் ஆளுக்கு ஓர் ஓட்டு வைத்திருக்கிறார்கள். ஏரியைக் காப்பாற்றவும் வேண்டும், அந்தக் குடும்பத்துக்கு அதே வட்டாரத்தில் வீடும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே நாக்கால் பேசி ஜெயிக்கிற வழக்கறிஞர்தான் எங்களுக்குத் தேவை. எங்கள் சங்கத்தைப் போன்ற நடுத்தர வர்க்கச் சங்கங்களையும் அவர் எதிர்த்துப் பேச வேண்டிவரும். பேசட்டும்.

உங்கள் தயக்கங்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். முதலாவது, நடுநிலை போய்விடும், நாளைக்கு நான் போடும் வழக்கை அரசியல் வழக்கு என்பார்கள் என்பது. இப்போது மட்டும் சொல்லாமலா இருக்கிறார்கள்? ஒவ்வொரு பொதுநல மனுவுக்கும் 'விளம்பர வழக்கு' என்ற எதிர்மனு வரத்தான் செய்கிறது. ஓட்டுக் கேட்டு வந்தால் உங்கள் சொத்தும் வழக்குகளும் வேட்புமனுவோடு பிரமாணப் பத்திரத்தில் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நடுநிலை என்பதைவிட வெளிப்படைத்தன்மை எங்களுக்கு அதிகம் உதவும்.

இரண்டாவது, பிழைப்பு. இது நியாயமான தயக்கம். 2023இல்தான் தமிழ்நாட்டில் கவுன்சிலர்களுக்கு மாத மதிப்பூதியம் வந்தது. மாநகராட்சியில் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. வழக்கறிஞர் நடத்தை விதிகளின்படி, ஓர் அமைப்பை நிர்வகிக்கும் குழுவில் இருக்கும்போது அதற்காகவோ அதற்கு எதிராகவோ வாதாடவும் கூடாது. ஆக, மாநகராட்சி வழக்குகளே தொழிலாக இருப்பவர்களுக்கு வருமானம் அடிபடும். அதனால்தான் ஒருவர் தனியாக வராமல், ஓர் அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் நிற்கட்டும், மற்ற மூவரும் அவருடைய கேஸ்களைத் தாங்கட்டும் என்று கேட்கிறேன். சீனியர்களுக்கு இதில் பெரிய பொறுப்பு இருக்கிறது. உங்கள் ஜூனியர் ஒருவர் ஐந்து வருடம் வார்டுக்குப் போகிறேன் என்றால், அவருக்கான மாதச் சம்பளத்தை நிறுத்தாமல் கொடுங்கள்.

மூன்றாவது, கட்சி இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பது. பெரும்பாலும் உண்மை. ஆனால் கணக்கையும் பாருங்கள். சென்னையில் 200 வார்டுகள், 60 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் பேர். 2022இல் சென்னையில் வாக்களித்தவர்கள் 44 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது வார்டின் முடிவு சில ஆயிரம் ஓட்டுகளில் இருக்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டவர்களில் எங்களைப் போன்ற படித்த குடியிருப்புக்காரர்கள் நிறைய. அவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துவருவது எங்கள் வேலை, அதை நாங்கள் செய்கிறோம். கட்சியில் சேர்ந்து நிற்பதானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சேரும்போதே, நீர்நிலை வழக்கிலும் தூய்மைப் பணியாளர் வழக்கிலும் கட்சி சொன்னாலும் பின்வாங்க மாட்டேன் என்று ஊர் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டுச் சேருங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுக்காமல் தோற்றாலும் அந்த வார்டில் அப்படி ஒரு தேர்தல் நடந்தது என்பது மிச்சமிருக்கும், அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம்.

பெண் வழக்கறிஞர்களிடம் தனியாகக் கேட்கிறேன். உள்ளாட்சியில் பாதி இடம் நமக்கு. 2022இல் ஒரு தலித் இளம்பெண் சென்னையின் மேயரானார், மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். இருந்தும் பல ஊர்களில் கையெழுத்து மட்டும் மனைவியுடையது, அதிகாரம் கணவருடையது. கோர்ட்டில் ஆண் சீனியர்களின் குறுக்கீட்டுக்கு நடுவே நின்று வாதாடிப் பழகிய ஒரு பெண் அந்த மன்றத்தில் உட்கார்ந்தால் பக்கத்து வார்டுப் பெண் கவுன்சிலருக்கும் துணிச்சல் வரும்.

கவுன்சிலருக்கு அதிகாரம் குறைவு என்பது எனக்கும் தெரியும். அரசியல் சட்டத்தின் 12ஆம் அட்டவணையில் 18 வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் மாநில அரசின் விருப்பம். சென்னையில் தண்ணீரும் கழிவுநீரும் 1978இல் இருந்தே குடிநீர் வாரியத்திடம். நில உபயோகமும் பெரிய கட்டடங்களுக்கான அனுமதியும் சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கையில். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், பெரிய கால்வாய் நீர்வளத்துறையிடம். எங்கள் ஏரி வழக்கில் எத்தனை எதிர்மனுதாரர்களோ அத்தனை பேரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். இந்தச் சிக்கலைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். எந்தத் துறையின் எந்த அரசாணை, எந்தப் பிரிவு என்று தெரிந்த கவுன்சிலருக்கு அதே குறைந்த அதிகாரம் இரண்டு மடங்கு வேலை செய்யும்.

நம் கையில் பயன்படுத்தாமல் கிடக்கும் ஒரு கருவி பகுதி சபை. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது, நகரத்தில் மக்கள் கூடிக் கேள்வி கேட்க இடமே இல்லை என்று பல வருடங்கள் போராடிய பிறகு 2022இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அப்புறம் பல வார்டுகளில் அது பேருக்குத்தான் நடக்கிறது. எப்போது கூட்டம் என்று தெரிவதில்லை, குழுவில் யார் என்று தெரிவதில்லை, தெரிந்தால் கவுன்சிலருக்கு வேண்டியவர்களாக இருக்கிறார்கள். விதிகளைப் படித்து, தேதியை முன்கூட்டியே தெருவில் ஒட்டி, கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வைக்கிற ஒருவர் வந்தாலே பாதி மாற்றம் நடக்கும். அந்தக் குறிப்பு நாளைக்கு வழக்கு போட நேர்ந்தாலும் உங்களுக்கே ஆவணம்.

இன்னொரு உதாரணம். மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாம் இழப்பீட்டை உயர்த்துவதில் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம், சாவை நிறுத்துவதில் இன்னும் ஜெயிக்கவில்லை. என் வார்டில் எத்தனை கழிவுநீர் லாரிகள் ஓடுகின்றன, எவற்றுக்கு உரிமம், யார் இறங்குகிறார்கள், அவர்களுக்கு என்ன கருவி கொடுத்திருக்கிறீர்கள் என்று மன்றத்தில் மாதாமாதம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு கவுன்சிலர் ஓர் உயிரையாவது காப்பாற்றுவார்.

கிராமங்களை விட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். அங்கே நிலைமை இன்னும் மோசம். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குக் காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்று அரசியல் சட்டமும் சொல்கிறது, 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்கு நம் மண்ணில் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தனித் தொகுதியானபோது, தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் நின்றதால்தான் அந்த வழக்கில் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே மாவட்டத்தின் தனி ஊராட்சிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தலித் தலைவர் என்று ஒருவரை உட்காரவே விடவில்லை. அந்த நாற்காலிக்கு அவ்வளவு எதிர்ப்பு ஏன்? அதில் அதிகாரம் இருக்கிறது என்று ஆதிக்கம் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். படித்தவர்கள்தான் அது தெரியாதவர்களாக இருக்கிறோம்.

கேரளத்தில் பெருமாட்டி ஊராட்சியைப் பாருங்கள். பிளாச்சிமடாவில் கோக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியபோது, 2003இல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது ஓர் ஊராட்சி மன்றம். வழக்கெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. ஆலை 2004இல் நின்றது, பிறகு ஓடவே இல்லை. ஒடிசாவில் பாக்சைட் தாதுவுக்காக நியாம்கிரி மலையைத் தோண்டலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் நீதிமன்றமே அதைக் கிராம சபைகளிடம் திருப்பி அனுப்பியது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன.

எங்கள் தரப்பில் என்ன செய்வோம் என்று சொல்லாமல் உங்களை மட்டும் அழைப்பது நியாயமில்லை. நீங்கள் நின்றால் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்ப்போம். துண்டறிக்கைச் செலவை எங்களுக்குள் பகிர்ந்துகொள்வோம், கணக்கை வெளியிடுவோம். பூத் ஏஜென்ட்டாக உட்காருவோம். ஜெயித்த பிறகு உங்கள் வாசலில் வந்து சாதிச் சான்றிதழுக்கும் திருமண மண்டபத் தள்ளுபடிக்கும் நிற்க மாட்டோம், மற்றவர்களும் நிற்காதபடி மண்டல அலுவலகத்திலேயே ஓர் உதவி மேசை நடத்துவோம். தோற்றால் அடுத்த நாளே உங்களோடு பகுதி சபைக்கு வருவோம்.

ஒரு வேண்டுகோள் மட்டும். தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்து நிற்காதீர்கள். உங்கள் பெயர் அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொந்த ஊரிலேயே விட்டுவைத்தவர்கள் நிறையப் பேர். உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்படும் என்பது கடைசியில்தான் தெரியும். உங்களால் நிற்க முடியாத வார்டாக அது மாறினால், அங்கே நிற்கக்கூடிய ஒரு பெண்ணையோ தலித் தோழரையோ இப்போதே சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், அவர் நின்றால் அவருக்கு ஜூனியராக இருங்கள். உங்கள் வார்டைப் பற்றி நீதிமன்றங்கள் இதுவரை போட்ட உத்தரவுகளையெல்லாம் ஒரு கட்டாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று இரண்டு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் படியுங்கள். எங்கள் வார்டில் அதைச் செய்ய ஒரு வழக்கறிஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் தேர்தலில் நிற்பாரா என்று இன்னும் சொல்லவில்லை. ஏரி வழக்கின் உத்தரவு நகல் அவரிடமே இருக்கிறது. கூட்டத் தேதியை நாங்கள் தெருத்தெருவாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தென்சென்னைப் புறநகர்க் குடியிருப்பாளர் ஒருத்தி